இருபத்து நான்கு நாற்காலி, ஒரு மணை

அப்பா கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்ததை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் புது வீட்டில்தான்.

மர்பி டவுனிலிருந்து முனுசாமி ஆசாரி அன்று காலை ஒரு மணையைக் கொண்டுவந்திருந்தார். தேக்கு மணை. நான்கு மூலையிலும் பித்தளைப் பூண். சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். எங்கள் புது வீட்டின் பின்பக்கம், கிணற்றை ஒட்டிக் கட்டியிருந்த சின்ன அறையில், மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புத் தரையில் அதைப் போட்டார்.

அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கால்சட்டையை முழங்காலில் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். எதிரில் இலை இருப்பதாக நினைத்துக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தார். அறையெல்லாம் மெழுகு வாடை.

"உயரம் சரியா இருக்குது. அண்ணனுக்கு முட்டி வலி. இன்னும் தாழ்ந்தா எழுந்திருக்க மாட்டாரு" என்றார்.

எழுந்திருக்க முடியாமல் போனது அப்பாவுக்குத்தான். ஆசாரியும் நானும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு போதுமாங்க?" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அண்ணன் ஒருத்தர்தானே இங்க சாப்பிடப் போறாரு? மத்தவங்களுக்குத்தான் அந்தப் பக்கம் அம்மாம்பெரிய மேஜை இருக்குதே."

நான் என் நோட்டை எடுத்து எழுதினேன். "பின் அறை. மணை, தேக்கு, ஒன்று."

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

எந்த வருஷம்?

சென்ற இதழில் வந்த என் கட்டுரையைப் படித்துவிட்டு ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு மின்விளக்கு வந்தது நான் எழுதிய வருஷத்தில் இல்லையாம், அதற்கு முந்தைய வருஷமாம். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதம் வந்தால் பழைய பஞ்சாங்கங்களையும் கோயில் பதிவேடுகளையும் புரட்டி, இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. இப்போது அலமாரியைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது.

வீடு கட்டிய வருஷத்து நாட்குறிப்பின் மேல்மூலையைக் கரையான் தின்றுவிட்டது. கிழமைகள் மிஞ்சியிருக்கின்றன, வருஷம் போய்விட்டது. முப்பதுகளின் நடுப்பகுதி. மழை பிந்திய வருஷம். ஜெர்மனியைப் பற்றிப் பத்திரிகைகள் தினமும் எழுதத் தொடங்கியிருந்தன. இதற்கு மேல் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

தோல் உள்ள பண்டங்கள்

அப்பா கண்டோன்மெண்டில் காண்ட்ராக்டர். பட்டாளத்துக்கு பாரக்குகளும் குதிரை லாயங்களும் கட்டிக்கொடுத்தவர். பிறந்தபோது அவர் பெயர் அருணாசலம். இருபத்து நாலு வயதில் ஞானஸ்நானம் பெற்று அருளப்பன் ஆனார்.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன், கந்தசாமி. என் பெரியப்பா. மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அல்சூரில் இருந்தார். நெற்றியில் விபூதி கலைந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் தம்பிக்குள் சண்டை எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு அப்பா அல்சூர் போவார். கிறிஸ்மஸுக்குப் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். போகும்போது அப்பா ஆரஞ்சு எடுத்துப் போவார். வரும்போது பெரியப்பா ஒரு தார் வாழைப்பழம் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் அவருக்கு இளநீர். அதையும் அவர் கண்ணெதிரில் சீவ வேண்டும், டம்ளரில் ஊற்றக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் போய்வந்ததெல்லாம் தோல் உள்ள பண்டங்கள். அடுப்பில் ஏறிய எதுவும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதில்லை, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததில்லை.

அப்பா புது வீடு கட்டத் தொடங்கியபோது, துரைமார்களுக்கு விருந்து வைக்கத்தான் இவ்வளவு ஆடம்பரம் என்று ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன். ஒரு நாள் பிற்பகல், வீட்டு வரைபடத்தின் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"தேவா, நான் சாவறதுக்குள்ள அண்ணன் என் வீட்ல ஒரு வேளை சோறு தின்னணும். மத்ததெல்லாம் சும்மா."

"கேட்டுப் பாத்தீங்களாப்பா?"

"இதை எப்படிடா வாய்விட்டுக் கேக்கறது? வசதி பண்ணி வெச்சுட்டா அவரே வருவாரு."

காண்ட்ராக்டர் அல்லவா. எதையும் கட்டித் தீர்த்துவிடலாம் என்று நம்பினார்.

பெரேராவின் ரயில்வே ஸ்டேஷன்

சுவர் எழும்பி மங்களூர் ஓடு போட்டதும், உள் அலங்காரம் முழுவதையும் என் தலையில் கட்டினார்கள். பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். கையில் நோட்டோடு திரிகிறவன் என்பதால் தகுதியானவன் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

எனக்குத் துணையாக வந்தவர் பெரேரா. கண்டோன்மெண்டில் நாற்காலி மேஜைக் கடை வைத்திருந்தார். லண்டனிலிருந்து வந்த படப் புத்தகம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டே நடப்பார். அவருக்கு எல்லா மொழியும் அரைகுறையாகத் தெரியும். அரைகுறை மொழிகளைச் சேர்த்து முழுதாகப் பேசிவிடுவார்.

பத்து மாதம் நாங்கள் திரைச்சீலைத் துணிகளைப் பார்த்தோம். இதை மிகைப்படுத்தவில்லை. நாட்குறிப்பில் திங்கள்கிழமை "ஒயின் நிறம்" என்றும், புதன்கிழமை "பாசிப் பச்சை" என்றும், மறுபடி வெள்ளிக்கிழமை "ஒயின் நிறம்" என்றும் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடினால் துணித் துண்டுகள் தெரியும். புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் ஜவுளிக் கடைக்குள் நுழைந்தால் எனக்குத் தலை வலிக்கிறது.

துணி பரவாயில்லை. ஆட்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அப்பாவின் விருந்துக்கு வரக்கூடியவர்கள் பல தினுசு. துரைமார்களுக்கு விஸ்கி வேண்டும். போதகர் ஐயாவின் கண்ணில் விஸ்கி படக் கூடாது. மைசூர் சர்க்கார் அதிகாரிகள் சைவம், ஆனால் மேஜையில் உட்காருவார்கள். பக்கத்தில் ஆட்டுக்கால் வந்தால் எழுந்து போய்விடுவார்கள். சில வீட்டுப் பெண்கள் வருவார்கள், ஆண்கள் இருக்கும் ஹாலுக்கு வர மாட்டார்கள்.

ஆகவே ஹாலுக்கு இடப்பக்கம் பெண்களுக்கு ஓர் அறை, தனி வழியோடு. சாப்பாட்டு ஹாலில் இருபத்து நான்கு நாற்காலி போட்ட மேஜை, நடுவில் பூ ஜாடிகள். அதற்கு இந்தப் பக்கம் அசைவம், அந்தப் பக்கம் சைவம். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் வேதாகம விளக்கவுரைகள் வரிசையாக நிற்கும். அவை வெறும் முதுகுகள். இழுத்தால் கதவாகத் திறக்கும். உள்ளே புட்டிகள். இந்த யோசனையை அப்பாவுக்குச் சொன்னவர் பெரேரா. போதகர் ஐயா வரும் நாளில் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைக்கக் கூடாது என்றும் சொன்னார். "படிக்க ஆசைப்பட்டுடுவார், மேன்."

ஒரு நாள் வரைபடத்தைத் தரையில் விரித்துப் போட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெரேரா அதைச் சுற்றி வந்தார்.

"இது வீடு இல்ல, மேன். ரயில்வே ஸ்டேஷன். ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், லேடீஸ் வெயிட்டிங் ரூம். வெஜிடேரியன் ரிஃப்ரெஷ்மெண்ட் ரூம் மட்டும் பாக்கி."

"அதுவும் வருது" என்றேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பழைய ரோமாபுரியில் விருந்து அறையில் மூன்று மஞ்சங்கள் போடுவார்கள் என்றும், யார் எந்த மஞ்சத்தில் சாய்வது என்பதற்குக் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது என்றும் எங்கோ படித்திருக்கிறேன். படித்தபோது சிரித்தேன். வீடு கட்டிய பிறகு சிரிப்பு வரவில்லை. உலகத்தில் விருந்து என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் வேலையாக இருந்திருக்கிறது.

தோல் வாஷர்

பின் அறைக்கும் அதை ஒட்டிய தனி அடுப்படிக்கும் சமையல்காரராக வந்தவர் வெங்கட்டய்யர். ஐயர் சமைத்தால் பெரியப்பா சாப்பிடுவதற்குத் தடை சொல்ல யாராலும் முடியாது என்பது அப்பாவின் கணக்கு. கிறிஸ்தவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் சமைக்க ஐயர் இலேசில் சம்மதிக்கவில்லை. இடத்தை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தார்.

அடுப்படியை முகர்ந்து பார்த்தார். புதுச் சுண்ணாம்பு வாடைதான். சரி என்றார். பாத்திரங்கள் புதிதா என்று கேட்டார். புதிது. அதுவும் சரி. பிறகு குழாயைப் பார்த்தார்.

"இது ஆகாது."

"ஏன் சாமி? நல்ல தண்ணிதான். நகரசபைத் தண்ணி."

"தண்ணி நன்னாத்தான் இருக்கும். குழாய்க்குள்ளே வாஷர் இருக்கோல்லியோ? அது தோல். மாட்டுத் தோல். அதைத் தொட்டுண்டு வர தண்ணியிலே நான் எப்படிச் சமைக்கறது?"

குழாயைப் பிடுங்கினோம். அந்த அறையைக் கிணற்றை ஒட்டிக் கட்டியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. புதுக் கயிறு, புதுப் பித்தளைக் குடம், புது ராட்டினம். எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். பெரியப்பா முன்வாசல் வழியாக வந்தால் மாமிச வாடை அடிக்கும், துரைமார்களின் பூட்ஸ் வரிசை இருக்கும், யார் யாரையோ கடந்து வர வேண்டியிருக்கும். அதனால் பக்கத்துச் சந்தில் ஒரு சிறு கேட் வைத்து, அங்கிருந்து பின் அறைக்கு நேராக ஒரு நடைபாதை போட்டு, இருபுறமும் செம்பருத்திச் செடி வைத்து மறைத்தேன். வீட்டுக்குள் கால் வைக்காமலே வீட்டுக்கு வந்துவிடலாம். யோசனை முழுக்க என்னுடையது. அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் அப்படித் தட்டிய சந்தர்ப்பங்கள் குறைவு.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கும் மதிய விருந்துக்கும் நாள் குறித்தாயிற்று. அப்பா அல்சூருக்குப் போய் அழைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். பெரியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா தனியாக இருந்தார். வீட்டில் விளக்கெண்ணெய் வாடையும் பழைய காகித வாடையும் வந்தன.

"அண்ணா, தனி அடுப்படி வெச்சிருக்கேன். சமையல் ஐயர். கெணத்துத் தண்ணி. வாசல்கூட உங்களுக்குன்னு தனி. ஒரு கொறையும் வராது" என்று அப்பா மூச்சுவிடாமல் சொன்னார்.

பெரியப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வரேன், அருணா" என்றார். அந்தப் பெயரில் அப்பாவை அழைக்க அவர் ஒருவர்தான் மிச்சம்.

திரும்பி வரும்போது ஜட்கா வண்டியில் அப்பா கைக்குட்டையால் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினார்.

சனிக்கிழமை மதியம்

விருந்து ஒரு மணிக்கு. நான் காலை ஐந்தரையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். கால் வீங்கியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒயின் நிறத் திரைச்சீலைகள் தொங்கின. கடைசியில் அதுதான் வென்றது. இருபத்து நான்கு நாற்காலியும் நிறைந்தன. போதகர் ஐயா ஜெபம் செய்தார். வேதாகம விளக்கவுரைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் அவரை உட்கார வைத்திருந்தோம்.

பெரியப்பா சரியாக ஒன்றரைக்குச் சந்து கேட் வழியாக வந்தார். சலவை வேட்டி, அங்கவஸ்திரம். கையில் வாழைத்தார் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாப்பிடத்தான் வந்திருக்கிறார்.

கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார். மணையைப் பார்த்தார்.

"வேற யார் வராங்க?"

"யாரும் இல்ல பெரியப்பா. உங்களுக்கு மட்டும்தான். யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

"உங்கப்பன்?"

"துரைங்க வந்திருக்காங்க. அப்பா அங்க மேஜையில இருக்காரு. முடிஞ்சதும் வந்துடுவாரு."

அவர் உட்கார்ந்தார். வெங்கட்டய்யர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வரிசையாகப் பரிமாறினார். நெய் ஊற்றினார். பெரியப்பா கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயரே, நீங்களாவது கூட உக்காருங்களேன்."

ஐயர் இரண்டடி பின்னால் போனார். "நான் யாரோடயும் சேந்து சாப்பிடற வழக்கமில்லையே."

பெரியப்பா சிரித்துவிட்டார். "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் பழைய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்துப் படிப்பதுபோல் சொன்னார்.

"தேவா, உங்கப்பன் ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேந்துட்டு மொத மொதல்ல அல்சூர் வீட்டுக்கு வந்தான். உங்க பெரியம்மா தாழ்வாரத்துல அவனுக்குத் தனியா இலை போட்டா. நான் உள்ள உக்காந்து சாப்ட்டேன். நடுவுல ஒரு கதவு. சாப்ட்டுட்டு அவன் இலையை அவனே எடுத்துப் போட்டான். எடத்தைத் தண்ணி ஊத்தி அவனே தொடச்சான். நான் பாத்துகினுதான் இருந்தேன், வாயைத் தொறக்கல. அதுக்கப்புறம் அவன் எங்க வீட்ல சாப்பிடல."

எனக்கு இது புதுச் செய்தி. அப்பா சொன்னதே இல்லை.

"மறந்துட்டான்னு நெனச்சேன். மறக்கல. அளவெடுத்து அதே மாதிரி கட்டி வெச்சிருக்கான்."

"ஐயோ, இல்ல பெரியப்பா. உங்களுக்கு மரியாதைன்னு நெனச்சுத்தான்..."

"மரியாதையா? தனியா உக்காந்து சாப்பிடறதுக்கு நான் ஜட்கா கட்டிகினு காக்ஸ் டவுன் வரணுமா? உங்க பெரியம்மா போனதுலேர்ந்து தினம் ரெண்டு வேளையும் அதைத்தான் பண்ணிகினு இருக்கேன்."

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போய் அவனைக் கூட்டிகினு வா. ஒரு வாய் என்கூட உக்காந்து சாப்டட்டும். அப்புறம் துரைங்ககிட்ட போவட்டும். நான் காத்துகினு இருக்கேன்."

நான் ஓடினேன்.

சாப்பாட்டு ஹாலில் ஒரு துரை எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். வீட்டைப் புகழ்ந்தார். மேஜை, திரைச்சீலை, விளக்குகள். ஒவ்வொன்றையும் பேர் சொல்லிப் புகழ்ந்தார். அப்பா மேஜைத் தலைப்பில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். பேச்சு முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். உடனே அப்பா பதில் சொல்ல எழுந்தார். அவருடைய பேச்சு இங்கிலீஷில் இரண்டு பக்கம். எழுதியது நான். கட்டடக் கலையின் வரலாறு பற்றி ஒரு முழுப் பத்தி அதில் வைத்திருந்தேன். அப்பா காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக, ஒன்றைக்கூட விடாமல் படித்தார்.

நான் குறுக்கிட்டிருக்கலாம். தோளைத் தொட்டிருந்தால் போதும். இருபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொடவில்லை.

அவர் உட்கார்ந்ததும் காதில் சொன்னேன். அப்பா எழுந்தார். புட்டிங்கை நீட்டிய பட்லரை விலக்கிவிட்டுப் பின்கட்டுக்கு வேகமாக நடந்தார்.

அறையில் வெங்கட்டய்யர் மட்டும் இருந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் எடுக்கறேன்னு சொன்னேன், கேக்கலை. தன் இலையைத் தானே எடுத்துண்டுபோய்ப் போட்டுட்டார். ஒரு பருக்கை தொடலை. கெணத்துலேர்ந்து தண்ணி எடுத்துண்டு வந்து, எடத்தைத் தானே தொடச்சுட்டுப் போயிட்டார். வயசானவர், குனிஞ்சு தொடச்சார். எனக்கு ஒண்ணும் புரியலை."

மணை சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்புத் தரையில் அது கிடந்த இடத்தின் முன்னால், ஓர் இலை அகலத்துக்கு ஈரம்.

அப்பா அந்த ஈரத்தைப் பார்த்தார். பெரியப்பா சொன்னதை நான் இன்னும் அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தவர்போல் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் அதை நெனக்கவே இல்லையேடா, தேவா" என்றார். "சத்தியமா நெனக்கல."

செம்பருத்திகளுக்கு அப்பால் சந்து கேட் திறந்து கிடந்தது. யார் கண்ணிலும் படாமல் உள்ளே வரவென்று நான் வைத்த வழி. அவர் யார் கண்ணிலும் படாமல் வெளியே போயிருந்தார்.

அப்பா ஹாலுக்குத் திரும்பிப் போனார். புட்டிங் சாப்பிட்டார். நாலு மணிவரை எல்லோருக்கும் கைகொடுத்து வழியனுப்பினார். நல்ல விருந்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

அல்சூரில்

பிறகு பல வாரங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துபோயிற்று. இருபத்து நான்கு நாற்காலி மேல் வெள்ளைத் துணி போர்த்தினோம். சாப்பாட்டு ஹாலில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தால் ஒருவர் கேட்டது மற்றவருக்கு எட்டாது. அம்மா தட்டுகளை அடுப்படிக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"ஒண்ணு போதுமான்னு அன்னைக்கே கேட்டேன். ரெண்டு பண்ணியிருந்தா நீங்களும் போய் உக்காந்திருப்பீங்க."

அப்பா மறுநாள் முனுசாமி ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டாவது மணை முதலாவதைப் போலவே இருந்தது. அதே தேக்கு, அதே பூண். அதைப் பின் அறையில் போடப்போகிறார், மறுபடி பெரியப்பாவை அழைக்கப்போகிறார் என்று நினைத்தேன். நோட்டைக்கூட எடுத்தேன். அப்பா "எழுதாதே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் உடையோடு ஜட்காவில் ஏறினார். மடியில் செய்தித்தாளில் சுற்றிய மணை. நான் பக்கத்தில். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

அல்சூர் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பா பூட்ஸைக் கழற்றினார். அழைக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. காகிதத்தைப் பிரித்து, மணையைத் தாழ்வாரத்தில் ஓர் இடம் பார்த்துப் போட்டு, கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தார். எந்த இடம் என்று அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியப்பா கதவுக்கு வந்தார். கையில் கரண்டி. அவரே சமைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. குனிந்து மணையைப் பார்த்தார்.

"எங்க வீட்ல மணை இல்லைன்னு தூக்கிகினு வந்தியா?"

"சாப்பாடு ஆச்சா, அண்ணா?"

"இல்ல."

"எனக்கும் ஆவல."

பெரியப்பா உள்ளே போனார். போனவர் வர வெகுநேரமாயிற்று. அப்பா தரையைப் பார்த்தபடியே இருந்தார். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா தன்னுடைய பழைய மணையை இழுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார். அதை அப்பாவின் மணைக்குப் பக்கத்தில், முட்டியும் முட்டியும் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டார். அப்பாவை உள்ளே வரச் சொல்லவில்லை. தானே வெளியே வந்து உட்கார்ந்தார்.

"தேவா, இலை மாடத்துல இருக்குது. மூணு எடு" என்றார்.

சாதமும் ரசமும்தான். ரசத்தில் உப்பு அதிகம். அண்ணன் தம்பி இருவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முட்டி வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று பேசிக்கொண்டார்கள்.

பெரியப்பா கடைசிவரை எங்கள் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. அப்பா ஆசைப்பட்டது நடக்கவில்லை என்றுதான் நாட்குறிப்பில் எழுத வேண்டும். அவர் மறுபடி அழைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் அல்சூர் போய்விடுவார். அம்மாவும் நானும் அடுப்படியில் சாப்பிடுவோம். யுத்தம் வந்தபோது அந்த வீட்டைப் பட்டாள ஆபீஸர்கள் தங்க வாடகைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். அவர்கள் வேதாகம விளக்கவுரைகளை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்களாம். பின் அறையில் கரி கொட்டி வைத்தார்கள்.

இதை எழுதுவதற்காக நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். திரைச்சீலை, பூ ஜாடி, நாற்காலி இருபத்து நான்கு, எல்லாம் இருக்கின்றன. பின் அறை என்ற தலைப்பின் கீழ் மணை ஒன்று என்றுதான் இருக்கிறது. அது தவறில்லை. இரண்டாவது மணை எங்கள் வீட்டுச் சாமான் அல்ல. அது அல்சூரிலேயே இருந்துவிட்டது.